வெள்ளிக்கிழமைக் கோடு

பாட்டிக்கு ‘கேடி’ என்ற சொல் கடைசிவரை பிடிக்கவே இல்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். போலீஸ் பட்டியலில் பெயர் ஏறியவனைத்தான் அப்படிச் சொல்வார்கள். தன் கடைசிப் பிள்ளையான என் மாமா பதினோரு வயதில் கிளப்புக்குப் போய், துரையின் கோல்ஃப் பையைத் தோளில் சுமந்துவிட்டு வந்து, “நான் இப்போது கேடி, அம்மா” என்று வாசலில் நின்றபோது முதுகில் ஒன்று வைத்தாராம். மலாயிலும் ஆங்கிலத்திலும் அந்த வேலைக்கே அதுதான் பெயர் என்று ஆபீஸ் கிராணி (எழுத்தர்) எடுத்துச் சொல்லியும் பாட்டி மசியவில்லை. யார் விசாரித்தாலும், “பை தூக்கப் போகிறான்” என்றே சொன்னார்.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தாய். 2007-ல் அதன் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பலகை மாறிவிட்டது; ஐம்பதைத் தாண்டியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சிலாங்கூர் ஆற்றை ஒட்டி ஒரு பக்கம் ஈயம் வாரிய பெரிய மிதவை எந்திரங்கள், மறுபக்கம் ரப்பர்த் தோட்டங்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கள்ளுக்கடை, வரிசை வரிசையாக லயத்து வீடுகள். சைக்கிள் மிதிக்கிற தூரத்தில், துரைமார்கள் ஆடுவதற்கென்று ஒன்பது குழி கோல்ஃப் திடல் ஒன்று. அங்கே புல் வெட்டியவர்கள், பந்து பொறுக்கியவர்கள், பை சுமந்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள். ஆடியவர்களில் நம்மவர் ஒருவர்கூட இல்லாத காலம் அது என்பார் மாமா.

அந்த மாமாதான் பிற்காலத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொழில்முறை கோல்ஃப் வீரராக நாடு நாடாகப் போய் ஆடினார். ஊரில் கேட்டுப் பாருங்கள், “போனான், ஒன்றும் சரிப்படவில்லை, திரும்பி வந்துவிட்டான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர் கோப்பை எதுவும் கொண்டுவரவில்லை என்பது உண்மை. சென்ற தீபாவளிக்கு நான் வீட்டுக்குப் போயிருந்தபோது அலமாரியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தவர், ஒன்பது நோட்டுப் புத்தகங்களை எடுத்து என் மடியில் வைத்தார். “நீ கணக்கு எழுதுகிறவள்தானே, பார்” என்றார். இடது பக்கத்தில் செலவு. வலது பக்கத்தில் அன்றைய ஆட்டம், குழி குழியாக. கணக்குத்தான் என் தொழில்; பதினெட்டு ஆண்டுகளாகப் பிறருடைய வரவு செலவைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். இவ்வளவு நேர்மையான கணக்கை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை. மூன்று இரவுகள் உட்கார்ந்து படித்தேன். அதற்குப் பிறகு ஊர் சொல்லும் அந்த ஒரு வரி என்னால் பொறுக்க முடியாததாக ஆகிவிட்டது.

மாமாவுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. கிளப் மூடியிருக்கும் நாளில் திடலைச் சுற்றி ஓடலாம் என்று காவல்காரர் கண்டும் காணாமல் விட்டார். துரை ஒருவர் தூக்கி எறிந்த, தண்டு முறிந்த இரும்பு மட்டை ஒன்றை எடுத்து, ஈட்டி மரத் துண்டு ஒன்றைச் செருகிக் கட்டிக்கொண்டார். விதிப்படி ஓர் ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். மாமாவிடம் நான்கு ஆண்டுகளுக்கு அந்த ஒன்றுதான். எட்டடிக்கும் அதுதான், நூற்றைம்பது அடிக்கும் அதுதான். ஒரே மட்டையால் உயர்த்தி அடிக்கவும் தாழ்த்தி அடிக்கவும் உருட்டவும் பழகியதால், பிற்காலத்தில் மரத்தடியிலும் சேற்றிலும் பந்து மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் திணறும் இடத்தில் தனக்குக் கை தானாக வழி கண்டுபிடித்தது என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன். பந்தை மெல்ல உருட்டிக் குழிக்குள் விடும் அந்தக் கை தனக்குப் பாட்டியிடமிருந்து வந்தது என்றார்.

பாட்டி பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைவார். குளிர் இருக்கும்போதே பட்டையைச் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் இறங்காது. வெட்டு ஆழமாகப் போய் மரத்தின் உயிர்ப்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும், அந்த இடம் மொண்டியாகப் புடைக்கும், பிறகு அங்கே வெட்ட முடியாது. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஒரு மில்லிமீட்டர் அளவுப் பட்டையை உள்ளே விட்டுச் சீவ வேண்டும், அதுவும் அரை இருட்டில், நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில். மணிக்கட்டு அசையக் கூடாது, தோள்தான் போக வேண்டும் என்று பாட்டி என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததை மாமா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். உருட்டும்போது மாமாவைப் பாருங்கள்: மணிக்கட்டு அசையாது, தோள்தான் போகும். குழியின் வாய் 108 மில்லிமீட்டர் அகலம். பால் வடிகிற மங்கும் ஏறக்குறைய அந்த அகலம்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் அடுக்களையிலிருந்து ஒரு பழைய பீங்கான் மங்கை எடுத்துவந்து காட்டினார். பாட்டியுடையது. இப்போது அதில் வெந்தயம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

புல்லையும் அவர் அப்படித்தான் படித்தார். நம் நாட்டுப் பழைய திடல்களில் குழியைச் சுற்றி சிராங்கூன் புல் போட்டிருப்பார்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கும். சாய்வோடு உருட்டினால் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். எதிர்ச்சாய்வில் உருட்டினால் பாதியில் நின்றுவிடும். மேட்டையும் பள்ளத்தையும் எவரும் கண்ணால் பார்த்துவிடலாம். சாய்வைப் பார்க்க, பளபளப்பாகத் தெரிகிறதா மங்கலாகத் தெரிகிறதா என்று நின்று கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். மாமா சிறு வயதில் அந்தப் புல்லைக் கையால் வெட்டியவர்.

1990-ல் அவர் தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிந்துகொண்டார். வீட்டில் யாருக்கும் அதன் பொருள் விளங்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்று பாட்டி கேட்டார். சம்பளம் கிடையாது என்றார் மாமா. பிறகு எதற்கு வேலை என்கிறாய் என்று கேட்டதற்கு அவரிடம் அப்போது பதில் இல்லை. மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்று பத்திரிகையில் வந்த பெயர்களைத்தான் காட்டினாராம். கோல்ஃப் ஆடும் மலேசியர்களின் பட்டியலில் நம் பெயர்களும் இருக்கின்றன என்பதே அன்றைக்கு அவருக்குப் போதுமான ஆதாரம்.

அவருக்குத் தெம்பு கொடுத்த மற்றொரு பெயர் விஜய் சிங். ஃபிஜிக்காரர். கரும்புத் தோட்டங்களுக்காக 1879-லிருந்து 1916 வரை ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோன தீவு அது. 1903-லிருந்து மதராஸ் துறைமுகத்திலிருந்தும் ஆட்களை ஏற்றினார்கள். ஆகவே அந்த நாட்டுக் கதை நமக்கு அந்நியமில்லை. 1984-ல் மலேசிய பிஜிஏ (தொழில்முறை கோல்ஃப் வீரர் சங்கம்) பட்டத்தை வென்ற விஜய் சிங், அடுத்த ஆண்டே ஸ்கோர் அட்டையைத் திருத்தியதாக எழுந்த ஒரு குற்றச்சாட்டில் ஆசியப் போட்டிகளிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார். அவர் அதை மறுத்தார். ஆனால் கதவு அடைபட்டுவிட்டது. சபாவில் கெனிங்காவிலும், சரவாக்கில் மீரியிலும் கிளப்புகளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு சுற்றுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். மீதி நேரமெல்லாம் தனியாக அடித்துப் பழகினார்.

பத்து வெள்ளி! அந்தத் தொகையை மாமா சொல்லும் விதமே வேறு. நம்மூர்க் கேடிக்குத் தெரிந்த தொகை அது, கையில் பிடித்துப் பார்த்த தொகை. அங்கிருந்து அந்த மனிதர் ஆப்பிரிக்காவுக்குப் போய் 1988-ல் நைஜீரிய ஓபனை வென்றார்; 1989-ல் இத்தாலியில் முதல் ஐரோப்பிய வெற்றி; 1993-ல் அமெரிக்காவில் முதல் வெற்றி. 1998-ல் பிஜிஏ சாம்பியன்ஷிப், 2000-ல் மாஸ்டர்ஸ். 2004-ல் ஒரே ஆண்டில் ஒன்பது போட்டிகளை வென்று டைகர் வுட்ஸைக் கீழிறக்கி உலகின் முதல் இடத்தைப் பிடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

1992-ல் அவர் மலேசிய ஓபனில் ஆட வந்தபோது மாமா பஸ் மாறிப் பஸ் மாறிப் போய் வேலிக்கு வெளியே நான்கு நாளும் நின்றிருக்கிறார். விஜய் சிங்தான் வென்றார். ஆனால் மாமா பார்த்துவிட்டு வந்து சொன்னது கோப்பையைப் பற்றியல்ல. ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அவர் பயிற்சித் திடலுக்குத் திரும்பிப் போனார், இருட்டும்வரை அடித்தார், பந்துகளைக் குவித்துக்கொடுத்த பையன் களைத்து உட்கார்ந்துவிட்டான் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். 2001-ல் விஜய் சிங் மறுபடியும் வந்து, பாட்ரிக் ஹாரிங்டனுடன் கூடுதல் குழிகள்வரை மோதி, அதே பட்டத்தை எடுத்துப் போனார். 1962-ல் தொடங்கிய போட்டி அது. அன்றுமுதல் 2020 வரையிலான வெற்றியாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஆஸ்திரேலியர், ஜப்பானியர், தைவானியர், தாய்லாந்தின் தொங்சாய் ஜெய்டி, இந்தியாவின் அர்ஜுன் அட்வால், அனிர்பன் லாஹிரி என்று பெயர்கள் வரும். ஒரு மலேசியர் பெயர்கூட வராது. சொந்த நாட்டுப் போட்டியையே எவராலும் வெல்ல முடியாத ஒரு விளையாட்டில், லயத்திலிருந்து போன ஒருவர் கோப்பை கொண்டுவரவில்லை என்று குறை சொல்வது எவ்வளவு அநியாயம் என்று எனக்குக் கோபம் வருகிறது.

சரி, கோப்பை இல்லாமல் ஒருவர் பத்து ஆண்டுகள் எதைத்தான் செய்தார்? இங்கேதான் நோட்டுப் புத்தகம் பேசுகிறது.

தொழில்முறை டூர் என்பது வாரா வாரம் ஒரு நாடு. பழைய ஆசியப் போட்டித் தொடர் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து நடந்துவந்தது. 1995-ல் ஆசிய பிஜிஏ தன் சொந்த டூரைத் தொடங்கிய பிறகு போட்டிகள் பெருகின. அதில் ஆட முதலில் தகுதிப் போட்டியில் தேறி அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியும் ஓர் ஆண்டுக்குத்தான். ஆண்டு முடிவில் சம்பாதித்த பணத்தின் வரிசையில் போதுமான உயரத்தில் இல்லாவிட்டால் மறுபடி தகுதிப் போட்டி, மறுபடி முதலிலிருந்து. மாமா ஐந்து முறை அந்தத் தகுதிப் போட்டிக்குப் போயிருக்கிறார். மூன்று முறை தேறியிருக்கிறார்.

போட்டி வியாழன் தொடங்கி ஞாயிறு முடியும். நாளுக்குப் பதினெட்டுக் குழி; மட்டையால் அடித்த அடிகள் குறையக் குறைய இடம் மேலே. நூற்றைம்பது பேர் அளவில் வியாழக்கிழமை தொடங்குவார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு கோடு விழும். அதற்கு ‘கட்’ என்று பெயர். முதல் 65 இடங்களில் இருப்பவர்களும், கடைசி இடத்தில் சமமாக நிற்பவர்களும் கோட்டுக்கு மேலே. அவர்கள் சனியும் ஞாயிறும் ஆடுவார்கள், அவர்களுக்குத்தான் பணம். மற்றவர்களுக்கு ஒரு காசுகூடக் கிடையாது. விமான டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு, அந்த ஊரில் பிடித்த கேடிக்குக் கூலி எல்லாம் கையிலிருந்து போனது போனதுதான். வந்தவர்களில் பாதிக்கு மேல் வாரா வாரம் நட்டத்தோடு மூட்டை கட்டுகிறார்கள்.

கோட்டுக்கு மேலே வந்தால் மட்டும் என்ன? அமெரிக்க பிஜிஏ டூரின் வழக்கமான பங்கீட்டில் வெற்றி பெறுபவருக்கு மொத்தப் பரிசில் 18 விழுக்காடு. அறுபத்தைந்தாவது ஆளுக்கு 0.2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மற்ற டூர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கின்றன. மொத்தப் பரிசு மூன்று லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் 54,000 டாலரோடு போவார், கடைசி ஆள் அறுநூற்றுச் சொச்சத்தோடு போவார். அதில் கேடிக்குக் கொடுத்து, வரி கட்டி, அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்தால் மிச்சம் ஒரு கோழி பிரியாணிக்குத் தேறும். இருவரும் அதே நான்கு நாள் அதே வெயிலில் நடந்தவர்கள். நான்கு நாளில் இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பதினைந்து, இருபது அடிகள், நாளுக்கு நான்கைந்து. அந்த நான்கைந்து அடிக்குள்தான் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் கிடக்கிறது.

நோட்டில் இடது பக்கங்களைப் புரட்டினால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மணிலாவில் நான்கு பேர் ஓர் அறையில். பாங்காக்கிலிருந்து ஹாட்யாய்க்கு ரயிலில், அங்கிருந்து பஸ்ஸில் வீடு. விமானத்துக்குப் பணம் இல்லை. தைப்பேயில் மழை, மூன்று நாள் கூடுதல் தங்கல், ‘துணி காயவில்லை’ என்று ஒரு குறிப்பு. டாலரை வெள்ளியாக மாற்றிய விகிதத்தை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதியிருக்கிறார். 1997 ஜூன்வரை 2.50-ஐ ஒட்டி நிற்கிற எண், அந்த ஆண்டுக் கடைசியில் தாறுமாறாக ஏறுகிறது. 1998 செப்டம்பருக்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் 3.80, 3.80, 3.80. அந்தப் பணநெருக்கடியைப் பற்றி நான் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். அது ஒரு மனிதனின் நோட்டில் எப்படி இறங்கியது என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். டிக்கெட் செலவுக்கு உதவிவந்த லாரி முதலாளி ஒருவர் அந்த ஆண்டோடு கையை விரித்துவிட்டார். பரிசுப் பணம் டாலரில் வந்ததால், கோட்டைத் தாண்டிய வாரங்களில் கைக்குக் கூடுதல் வெள்ளி வந்தது. தாண்டாத வாரங்களில் பள்ளமும் அதே அளவு ஆழமானது.

நான் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது நோட்டுகளிலும் சேர்த்து 131 போட்டிகள். அவற்றில் 48 முறை கோட்டுக்கு மேலே. தோட்டத்து லயத்தில் பிறந்து, தண்டு முறிந்த மட்டையில் கற்றுக்கொண்ட ஒருவர், கண்டத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு நடுவே நாற்பத்தெட்டு சனிக்கிழமைகள் ஆடியிருக்கிறார். இதைச் சொன்னபோது மாமா சற்று நேரம் பேசவில்லை. அவர் அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லையாம்.

இப்போது வலது பக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1996, தாய்லாந்து, வெள்ளிக்கிழமை.

கோல்ஃபில் நடுவர் ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் நிற்பதில்லை. உன் கணக்கை உன்னோடு ஆடுபவர் எழுதுவார், அவர் கணக்கை நீ எழுதுவாய். ஆட்டம் முடிந்ததும் கூடாரத்தில் உட்கார்ந்து உன் அட்டையைக் குழி குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அந்த எண் உன்னுடையது. ஏதாவது ஒரு குழிக்கு உண்மையைவிடக் குறைவாக எழுதியிருந்து நீ கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ பதினேழாவது குழியில் 3 அடித்தார். உடன் ஆடியவர் 4 என்று எழுதியதைக் கவனிக்காமல் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடுதல் ஆட்டத்துக்குப் போயிருக்க வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். அன்று அவருடைய பிறந்தநாள்.

மாமாவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். பதினான்காவது குழியில் அவர் அடித்தது 5. அட்டையில் 4 என்று இருந்தது. எழுதியவர் வேண்டுமென்று செய்யவில்லை. நாள் முழுவதும் மழை, எல்லாருக்கும் கை விறைத்திருந்தது. மாமா பென்சிலை எடுத்து, அந்த 4-ஐ அடித்துவிட்டு, 5 என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் கோடு விழுந்தது. ஓர் அடியில் அவர் கீழே.

நோட்டில் அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: ‘14-ஆம் குழி. 4 அல்ல, 5.’ அதற்குக் கீழே, ‘பஸ், 180 பாட்.’

வீட்டுக்கு வந்து இதைப் பாட்டியிடம் சொன்னாராம். சொல்லாமல் இருந்தால் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று பாட்டி கேட்டார். தெரிந்திருக்காது என்றார். பாட்டி எழுந்து போய்ப் படுத்துவிட்டார். விடியற்காலையில், வழக்கமாகப் பெரட்டுக்கு எழுகிற நேரத்தில், மாமாவை எழுப்பி உட்காரவைத்து அவர் சொன்னதை மாமா எனக்குச் சொன்னார்.

பால் நிறுக்கும் கொட்டகையில் ஒவ்வொருவர் வாளியையும் தராசில் வைத்து, பாலின் அடர்த்தி காட்டும் மானியை விட்டுப் பார்த்து, எத்தனை பவுண்டு என்று கிராணி எழுதுவார். என்ன எழுதினார் என்று வெட்டுகிறவர்களுக்குத் தெரியாது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மாதக் கடைசியில் கட்டைவிரலை உருட்டிவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். குறைத்து எழுதிவிட்டார்கள் என்ற புலம்பல் எல்லா லயத்திலும் உண்டு; அதைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். பாட்டி அன்று சொன்னது வேறு. ஒரு மாதம் அவருக்கு வழக்கத்தைவிடக் கணிசமாகக் கூடுதல் சம்பளம் வந்தது. பக்கத்து நிரையில் வெட்டியவளுக்கு அந்த மாதம் குறைந்தது. கிராணி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பது பாட்டிக்குப் புரிந்தது. அந்த அம்மா கிராணியிடம் போய் அழுதார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று விரட்டிவிட்டார்கள். வீட்டில் அப்போது என் அம்மாவுக்கு டைபாய்டு. பாட்டி வாயைத் திறக்கவில்லை. அந்தக் குடும்பம் பிறகு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. எங்கே என்று தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாக இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தாத்தாவிடம்கூட. “அந்தப் பவுண்டு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது” என்றாராம்.

பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். அதைப் பற்றி மறுபடி ஒரு நாளும் பேசவில்லை.

அடுத்த முறை மாமா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினபோது பாட்டியும் கூட வந்தார். அப்போது நானும் போயிருந்தேன். எனக்குப் பதினாறு வயது. மார்க்கெட்டுக்குப் போகக் காத்திருந்த பெண்கள், பையன் எங்கே கிளம்பிவிட்டான் என்று கேட்டார்கள். “விளையாடப் போகிறான்” என்றார் பாட்டி. இருபத்தோரு ஆண்டுகளாக அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. மாமா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார், பஸ் வரும்வரை.

2003-ல் முதுகுவலியோடும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவோடும் அவர் ஆடுவதை நிறுத்தினார். அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசி நோட்டின் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. கோலாலம்பூர்ப் பக்கம் பயிற்சித் திடல் ஒன்றில் பதினேழு ஆண்டுகள் கற்றுக்கொடுத்தார். 2017-ல் கேவின் கிரீன் ஆசிய டூரின் பரிசுப்பண வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தார். ஒரு மலேசியர் அப்படி வருவது அதுவே முதல் முறை. அன்று மாமா எங்கள் எல்லாருக்கும் போன் செய்தார். கல்கத்தா கிளப் ஒன்றில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா இந்திய ஓபனை அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற கதையை என் மகனுக்கு உறங்கும் நேரக் கதையாகவே சொல்லியிருக்கிறார்.

எங்கள் பழைய லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் செம்பனை. மாமா டவுனில் மாடி வீட்டில் இருக்கிறார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் போயிருந்தேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். மாமா பால்கனியில் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கைப்பேசியில் எங்கோ நடக்கும் போட்டியின் ஸ்கோர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் முன்னிலை என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். விரலால் பட்டியலைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனார்; கோடு வந்தது; அங்கே நின்றார். கோட்டுக்குக் கீழே, ஓர் அடியில் தவறியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒரு தாய்லாந்துக்காரர், இரண்டு கொரியர்கள், ஒரு பிலிப்பினோ, ஓர் இந்தியர். அவர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு, உச்சரிப்பு தவறாதபடி மெதுவாக வாசித்தார். ஒன்பதாவது பெயரையும் வாசித்து முடித்த பிறகுதான் கைப்பேசியைக் கீழே வைத்தார்.